நூற்றுப் பன்னிரண்டுக்கு அடுத்த பக்கம்

"நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
ஏழுமலை புயலுக்கு மறுநாள் கம்பம் ஏறுகிறான்.
அடுத்த பக்கத்தில் அவன் மனைவி
காக்கிச் சட்டையை உதறி மடிக்கிறாள்.
நடுவில் நடந்ததைச் சொல்லாமல் விட்ட
அபாரமான துணிச்சலுக்காகவே
இந்நாவலை வாசிக்கலாம்"
என்று எழுதியிருந்தேன்.

எழுதி முடித்த இரவு
எனக்கு என்னையே பிடித்திருந்தது.
'அபாரமான' என்பதை எடுத்தேன்,
மறுபடி போட்டேன்.

மஞ்சக்குப்பத்திலிருந்து மூன்று மாதத்துக்கொரு முறை
வருகிற, சமயத்தில் வராமலும் போகிற பத்திரிகை.
வந்த நான்காம் நாள் போன்.
கலியமூர்த்தி. நாவலாசிரியர்.
கடலூர் முதுநகரில் லைன்மேன்.
நன்றி சொன்னார், இரண்டு தடவை.
பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு,
"மேடம், உங்க புக்குல
நூத்திப் பன்னெண்டுக்கு அப்புறம்
என்ன நம்பர் போட்டிருக்கு?"

பார்த்தேன்.
நூற்று இருபத்தொன்பது.

ஒரு ஃபாரம். பதினாறு பக்கம்.
பைண்டிங்கில் யாரோ டீ குடிக்கப் போன நேரத்தில்
விடுபட்டதை
நான் மௌனம் என்று வாசித்திருக்கிறேன்.

சாயங்காலம் ஐஸ் பேக்டரிக்கே வந்துவிட்டார்.
நான் கணக்கு எழுதும் மேசையில்
ஈரம் படாத இடமாகப் பார்த்து
வேறொரு பிரதியை வைத்தார்.
"இந்தப் பதினாறுக்காகத்தான் மேடம்
மீதி எல்லாத்தையும் எழுதினேன்."
வெளியே துறைமுகம் போகும் வண்டியில்
பார் பாராகச் சறுக்கி ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.
டீ வேண்டாம் என்றார்.

இரவு வாசித்தேன்.
புயல் அழுதது. மழை அழுதது.
கம்பம்கூட அழுதது.
யாரோ வீட்டு ஜெனரேட்டரிலிருந்து
திரும்பி வந்த கரண்டில் விழுந்த ஏழுமலை
சாவதற்கு முன் ஐந்து பக்கம் பேசினான்,
நாட்டைப் பற்றி.
டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போனேன்.
'இந்த நாவலின் சிறந்த எடிட்டர் அதன் பைண்டர்'
என்று ஒரு வாக்கியம் வந்தது.
படிப்பவர்கள் சிரிப்பார்கள்.
தனித்தாளில் எழுதி வைத்தேன்.

நூற்று இருபத்தாறில் ஒரு பட்டியல்,
பிணவறைச் சிப்பந்தி எழுதிக் கொடுத்தது:
கட்டிங் பிளேயர் ஒன்று.
டெஸ்டர் ஒன்று.
பீடிக்கட்டு, நனைந்தது.
நெல்லிக்குப்பம் பஸ் டிக்கெட்.
முந்திரிப் பருப்பு, காகிதத்தில் மடித்தது, ஐம்பது கிராம் இருக்கும்.
பெற்றுக்கொண்டவர்: கலியமூர்த்தி.

நாவலில் அந்தப் பெயர்
அதற்கு முன்னும் இல்லை,
பின்னும் இல்லை.

தனித்தாளை மடித்தேன். கிழிக்கவில்லை.
நல்ல வாக்கியம்தான்.
மேசை டிராயரில் எங்கோ கிடக்கிறது.

மறுபடி எழுதினேன்.
என் பிரதியில் ஒரு ஃபாரம் இல்லை என்பது முதல் வரி.
இல்லாததைப் பாராட்டினேன் என்பது இரண்டாவது.
மழை அழ வேண்டாம்,
ஏழுமலை அவ்வளவு பேச வேண்டாம் என்பதையும் சொன்னேன்,
எந்தப் பக்கத்தில், எந்தப் பத்தியில் என்று.
பட்டியலை ஒரு கமா மாற்றாமல்
அப்படியே எடுத்துப் போட்டேன்.
அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

அரைப் பக்கம்தான் என்றார் பத்திரிகை ஆசிரியர்,
மீதி அரையில் நகைக்கடை விளம்பரம்.
பட்டியலைக் குறைக்கலாமே என்றார்.
டிக்கெட்டையா, முந்திரியையா என்று கேட்டேன்.
போனில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

இதழ் வந்து பதினோரு நாள் ஆகிறது.
கலியமூர்த்தி இன்னும் கூப்பிடவில்லை.
நேற்று ராத்திரி மழையில் கரண்ட் போனது.
கம்ப்ரசர் நின்ற பேக்டரியில்
ஐஸ் சொட்டுகிற சத்தம் முதல்முறையாகக் கேட்டது.
நாற்பது நிமிடத்தில் விளக்கு வந்தது.
யாரோ ஏறியிருக்க வேண்டும்.