காயம்

கலாமாவில் மழை பெய்யாது.
பெய்தால் அது செய்தி.
காலை ஒன்பது மணி. நெல்டா கொல்க்கே
சன்னல் முழுக்க அலுமினியத் தாள் ஒட்டியிருக்கிறாள்,
சமையலுக்கு வாங்கிய சுருள்.
ஓரங்களில் வெயில் ஊசி ஊசியாய் நுழைகிறது.
தகரக் கூரை சூடேறி
டொப் என்கிறது.
காஸ் விற்பவன் உருளையைக் கம்பியால் தட்டிக்கொண்டு போகிறான்.
திரும்பியும் அதே தெருவில் வருகிறான்.
அவள் கண்ணை மூடியிருக்கிறாள்.
மூடியிருப்பது வேறு.

இன்று ஆறாவது இரவு.
முந்நூறு டன் பாறை சுமக்கும் லாரி,
ஒற்றை டயரே இரண்டு ஆள் உயரம்.
செம்புப் பள்ளத்தின் அடியிலிருந்து சுற்றிச் சுற்றி மேலே,
மேலிருந்து சுற்றிச் சுற்றிக் கீழே.
ஓட்டுநர் அறையில் ஒரு கேமரா
அவள் இமைகளை எண்ணுகிறது.
ஒன்றரை நொடி மூடினால் இருக்கை அதிரும்.
அவளை இத்தனை கவனமாய்ப் பார்ப்பது
இப்போதைக்கு அது ஒன்றுதான்.

தங்கை ஒயாக்வேயிலிருந்து அழைப்பாள்.
மேசைமேல் போன் நடுங்குவதைப்
பார்த்துக்கொண்டே இருப்பாள், அது ஓயும்வரை.
கோபமெல்லாம் இல்லை.
கை எழ வேண்டும், அவ்வளவுதான்.
எழவில்லை.

டாக்டர் ஆர்செனியோ காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
பல்வலி உண்டா?
சிறுநீரில் எரிச்சல்?
எங்காவது கிழித்துக்கொண்டீர்களா?
இல்லை, இல்லை, இல்லை.
"ரத்தம் வேறு சொல்கிறதே.
எங்கோ புண் பட்டதுபோல் உங்கள் கல்லீரல்
ஒரு புரதத்தைச் செய்து அனுப்பிக்கொண்டே இருக்கிறது.
தூக்கம் கெட்டால் இது ஏறலாம்.
இது ஏறினால் சிலருக்கு மனசு இறங்கும்.
மனசு இறங்கினால் மறுபடி தூக்கம்.
எது முதலில் என்று கேட்காதீர்கள்,
எனக்குத் தெரியாது.
எல்லோருக்கும் இப்படித்தான் என்றும் இல்லை."
அவள் கேட்கவில்லை.
தொடங்கிய இடத்திலேயே கொண்டுவிடும் சாலை
அவளுக்குப் புதிதா என்ன.

அந்த வீக்கத்துக்கு அவர் சொன்ன ஸ்பானியச் சொல்லுக்குள்
ஒரு சுடர் இருக்கிறது.
அழற்சி என்று நான் எழுதும்போது
எனக்கும் அழல் கிடைக்கிறது.
காயம் என்று எழுதினால்
புண்ணும் கிடைக்கும், உடம்பும் கிடைக்கும்,
எது என்று சொல் காட்டிக்கொடுக்காது.
நெல்டாவுக்கு இந்த வசதி இல்லை.
அவள் மொழியில் இரண்டும் தனித்தனி.

பட்டறையில் துவெர்க்கா என்றொரு பெண்நாய்.
போல்ட்டில் பூட்டும் நட்டு என்று அர்த்தம்.
போன மாதம் தகரம் கிழித்துப் பின்னங்கால் வீங்கியபோது
எண்ணெய்ப் பீப்பாய்களின் பின்னால் போய்ப் படுத்தது.
எலும்பு வைத்தார்கள்.
பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.
கூப்பிட்டால் வால் நுனி மட்டும்.
மெக்கானிக் விளாடிமிர் சொன்னான்:
"விடுங்க, சோம்பேறித்தனம் இல்ல இது.
ஆறுற வரைக்கும்
உடம்பு அதைப் பிடிச்சு வச்சிருக்கு."
ஒன்பதாம் நாள் தானே வந்து எலும்பு கேட்டது.

அந்த ஒன்பது நாளும்
அதை யாரும் ஷிப்டுக்கு அனுப்பவில்லை.

அதிகாலை நாலு பத்து.
இருக்கை அதிர்கிறது.
ஹெட்லைட்டில் தூசி, தூசிக்குள் விளிம்பு,
விளிம்புக்கு அப்பால் எதுவும் இல்லை.
இருக்கை அதிர்கிறது.
நெல்டா ரேடியோவை எடுக்கிறாள்.
கை எழுந்தது என்பதைப் பிறகுதான் கவனிக்கிறாள்.
"எண்பத்தேழு. நிறுத்துகிறேன்."
"காரணம்?"
அவர்கள் பட்டியலில் டயர் உண்டு, பிரேக் உண்டு,
டீசல் கசிவுக்கு ஓர் எண் உண்டு.
ரேடியோ இரைந்துகொண்டிருந்தது.
"காயம்" என்றாள்.
அவள் சொன்னது எந்தச் சொல் என்று நான் சொல்லப்போவதில்லை.
"எங்கே?" என்றார்கள்.
"எங்கே, எண்பத்தேழு?"

எஞ்சின் அணைந்த பிறகு கேமரா எண்ணுவதில்லை.
ஜீப் மேலே ஏறி வரப் பதினொரு நிமிடம் ஆயிற்று.
அவ்வளவு நேரமும்
இரண்டு இமைகள்
கணக்கில் வராமல் மூடியிருந்தன.