பூக்கடைச் சாவி

நாலு பத்துக்கு அலாரம்.
கண் திறக்குமுன் வயிற்றைக் கேட்கிறேன்:
இன்றைக்கு என்ன உத்தரவு?
அது யோசித்துச் சொல்வதற்குள்
அடுப்பில் தண்ணீர் கொதித்துவிடுகிறது.

நேற்று வெந்த உருளைக்கிழங்கு, கேரட், உப்பு.
முந்தாநாளும் அதேதான்,
மேலே ஒரு சிட்டிகை சதகுப்பைத் தழை.
ராத்திரி முழுக்கக் குளியலறைத் தரையில் கிடந்தேன்.
தழையா,
இல்லை, அன்று மாலை போகுமிலோடு போட்ட சண்டையா?
நோட்டில் இரண்டையும் எழுதி
இரண்டுக்கும் எதிரே கேள்விக்குறி.

பதினொரு வருஷத்து நோட்டுகள்.
முட்டைக்கோஸ்: மூன்று முறை குற்றவாளி, ஒரு முறை விடுதலை.
ஆப்பிள்: தோலோடு கூடாது. தோல் சீவினால், சில நாள்.
பால்: அதனிடம் கேட்பதையே விட்டுவிட்டேன்.
காளான்: எழுதவே கை கூசுகிறது,
காட்டுக்குப் போய்ப் பொறுக்கி வருவதில்
என்னை மிஞ்ச ஆளில்லை ஒரு காலத்தில்.

குளிர்பெட்டியில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் ஊசிமருந்து.
இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொடையில்.
வெண்ணெய் அவனுக்கு.

வூச் நகரத்தில் டிராம் ஓட்டுகிறேன்.
மற்றவர்களுக்கு அது பதினெட்டு நிறுத்தம்.
எனக்கு மருந்துக்கடை,
பத்து மணிக்கு மேல் நூலகம்,
பூட்டு உடைந்த பெட்ரோல் நிலையம்,
அதற்கப்புறம் ஆறு நிமிஷம்
எதுவுமே இல்லாத ஒரு நீளம்.
வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு என்பார்களே,
அந்த ஆறு நிமிஷத்தைப் பார்த்தவர் யாரோ சொன்னதாக இருக்கும்.

போன ஜனவரி, பனி, அந்த நீளத்தில்தான்
நாற்பது பேரோடு வண்டியை நிறுத்திவிட்டு
இறங்கி ஓடினேன்.
எதிரே ஒரு பூக்கடை.
வாளிகளுக்கு நடுவே நின்ற பெண்
என் முகத்தைப் பார்த்து
கேட்காமலே பின்கதவைக் காட்டினாள்.

திரும்பி வந்தேன்.
யாரும் என் கண்ணைப் பார்க்கவில்லை.
ஒலிபெருக்கியில் சொன்னேன்:
தாமதத்துக்கு மன்னிக்கவும். தொழில்நுட்பக் கோளாறு.
பொய்யில்லை.

மறுநாள் அதே இடத்தில்
கைகாட்டி வண்டியை நிறுத்தினாள் அவள்.
ஜன்னல் வழியாக ஒரு சாவி,
பூங்கொத்து கட்டும் பச்சைக் கம்பியில் கோத்தது.
“ஞாயிறு மட்டும் அலாரம் போட்டிருப்பேன்,” என்றாள்.
நோயின் பெயரை இன்றுவரை கேட்கவில்லை.
அவள் பெயர் வியஸ்வாவா என்பது
கடைப் பலகையைப் பார்த்துத்தான் எனக்கும் தெரியும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி
நாத்தனார் வீட்டில் பன்னிரண்டு பதார்த்தம்.
பீட்ரூட் சூப்பில் காளான் மிதக்கிறது,
கெண்டை வறுவல், பியரோகி,
கசகசா கேக் கருகருவென்று.
“ஒரு வாய்தானே, என்ன ஆகிவிடும்?” என்கிறாள் கிரஜீனா,
ஆசையாகத்தான்.
ஒரு வாய்க்கு என்ன ஆகும் என்பதற்கு
ஏழாவது நோட்டில் விடை இருக்கிறது.
மருத்துவமனை, ஒன்பது நாள்.
சொல்லவில்லை. டப்பாவைத் திறந்தேன்:
வெந்த உருளைக்கிழங்கு, கேரட், உப்பு.

எதிர்பாராமல் வரும் விருந்தாளிக்கென்று
ஒரு காலித் தட்டு வைப்பது எங்கள் வழக்கம்.
அதைக் காட்டி,
“எனக்கு ஒத்துக்கொள்வது அது ஒன்றுதான்,” என்றேன்.
மேஜை அப்படியே உறைந்தது.
கிரஜீனாவின் கடைக்குட்டி மட்டும்
மூக்கில் சூப் ஏறும்வரை சிரித்தான்.
அவனுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

பிறகு அப்பளம்போல் மெலிந்த அந்த வெள்ளை ரொட்டி,
மாவும் தண்ணீரும், வேறொன்றுமில்லை.
என்னுடையதில் போகுமில் ஒரு மூலை உடைத்தான்.
அவனுடையதில் நான்.
அடுத்த வருஷம் நன்றாக இரு என்று சொல்வார்கள்.
அவன், “சண்டை என் தப்பு, தழையின் தப்பில்லை,” என்றான்.
நோட்டைப் படித்திருக்கிறான், திருடன்.

டிசம்பர் 24.
ரொட்டித் துண்டு இரண்டு. உருளைக்கிழங்கு, கேரட்.
நள்ளிரவு தாண்டித் தூக்கம்.
வலி: இல்லை.
காரணம்:
பேனாவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.
கேள்விக்குறிதான் போட்டேன்.