கொக்கி பிடித்தவள்

மே மாத மழையில், கபிபரிபே ஆற்றுப் பாலத்தில்
வல்டெமிரின் பைக் சறுக்கியது.
பீட்சாப் பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லையாம்.
ஐந்து மாதம் கழித்தும்
அதைத்தான் முதலில் சொன்னான்.

வலத்தோளின் உருண்டை வற்றிப்போய்
சட்டை ஹேங்கரில் தொங்குவதுபோல் தொங்கியது.
விரல்கள் சில்லறை எண்ணும். முழங்கை மடங்கும், நீளும்.
கை மேலே ஏறப் பார்த்து,
பாதியும் ஏறாமல் இறங்கிவிடும்.

ரெசிஃபி. மூன்றாம் அறை. காலை ஏழரை.
ஒருக்களித்துக் கிடத்திப் பின்புறமாகத் திறந்தார் டாக்டர் நேய்டே.
தோள்தசையை மேலே ஒதுக்கி
அப்படியே நில், என்றார்.
கொக்கி பிடித்து நின்றேன்.

மேலொரு தசை, கீழொரு தசை,
ஒரு பக்கம் எலும்பு, மறுபக்கம்
முத்தலைத் தசையின் நீண்ட தலை.
நாலும் போனால் போகிறதென்று விட்ட சந்து.
அதன் வழியே தோளின் நரம்பு,
ஈரமாய், மங்கலாய், வெந்த சேமியாபோல.
மின்முனை தொட்டது.
ஒன்றுமில்லை.
இன்னும் கொஞ்சம் கூட்டி, மறுபடி.
ஒன்றுமில்லை.

இரண்டு விரற்கடை கீழே
முழங்கையை நீட்டும் கிளைகள்.
தொட்டதும் மயக்கத்திலேயே கை உதைத்தது.
"மூன்று இருக்கிறது, இவனுக்கு இரண்டு போதும்."
கொடுப்பதைத் தொலைவில் வெட்டினார்,
வாங்குவதை வேரோரம்.
கையை எப்படித் திருப்பினாலும்
முடிச்சு இழுபடக் கூடாது.

மைக்ராஸ்கோப்பின் கீழ் மூன்று தையல்.
நூல் எனக்குத் தெரியவில்லை,
அவர் மூச்சு நின்று நின்று வருவது தெரிந்தது.
அதற்குள் என் தோள் எரிந்தது.
எதுவும் அறுபடாத தோள்,
வெட்கமில்லாமல் நடுங்கியது.

நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்.
கார்னிவல் வந்தது. சின்னக் குடைகளைத் தூக்கி ஊர் ஆடியது.
தோள் வாய் திறக்கவில்லை.

ஏழாம் மாதம் பயிற்சியாளர் லுசினெய்டே சொன்னாள்:
தூக்க நினைக்காதே. கதவைத் தள்ள நினை.
தள்ளினான்.
தோலுக்கடியில் ஒரு மீன் திரும்பிப் படுத்தது.
அவன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

போன வாரம் சாலைக்கு எதிர்ப்புறம் என்னைக் கண்டான்.
முதலில் முழங்கை விறைத்தது,
யாரையோ போ என்று தள்ளுவதுபோல.
பிறகுதான் கை எழுந்தது,
காது வரை,
கொஞ்சம் கோணலாக.

தன்னைத்தான் அழைக்கிறான் என்று
ஒரு பஸ் நின்றுவிட்டது.
கதவு திறந்தது. யாரும் ஏறவில்லை.
ஓட்டுநர் திட்டிக்கொண்டே போனார்.
கையை இறக்க
இன்னும் எதை நினைக்க வேண்டுமென்று
அவனுக்குத் தெரியவில்லை.