பொதுச்சுவர்

பலாவைச் செல் தொடாது என்றார் மர டிப்போக்காரர்.
உண்மைதான்.
பண்ருட்டிப் பலாவில் செய்த கதவு
இன்றைக்கும் மஞ்சளாய், கல்லாய் நிற்கிறது.
காசு போதாமல்
வேங்கை என்று நம்பி வாங்கிய நிலையைத்தான்
உள்ளுக்குள் தின்று முடித்திருக்கின்றன,
பெயிண்டை மட்டும் விட்டுவிட்டு.

முதுநகர்க் காற்று இரும்பைத் தின்னும் என்று
ஜன்னல் கம்பிக்கு இரண்டு கோட்டு ரெட் ஆக்சைடு அடித்தோம்.
மரத்தைப் பற்றி யோசிக்கவில்லை.

காலண்டர் தாள் கிழிக்கப் போனபோது பார்த்தேன்.
பின்னால், தரையிலிருந்து உத்தரம் வரை
ஈரமண்ணில் ஒரு கோடு,
காய்ச்சல்காரன் புறங்கை நரம்பு மாதிரி.
நகத்தால் சுரண்டினேன்.
வெள்ளையாய், கண்ணில்லாமல்,
வரிசை குலையாமல் ஓடினார்கள்.
ஓடின என்று எழுத வரவில்லை.

ஐப்பசியில் முதல் மழை இரவு
டியூப்லைட்டைச் சுற்றி ஈசல் வந்தது.
விளக்கை அணைத்து
பேசினில் தண்ணீர் வைத்துவிட்டுப் படுத்தோம்.
விடிந்ததும் சிறகுகளை முறத்தில் வாரிக் கொட்டினாள் தில்லைநாயகி.
சிறகைக் கழற்றி வைத்தவர்கள்
எங்கே போனார்கள் என்று
இருவருமே கேட்கவில்லை.

முதலில் மண்ணெண்ணெய்.
பிறகு மச்சான் கொண்டுவந்த பழைய என்ஜின் ஆயில்.
ஒரு வாரம் காணோம்.
எட்டாம் நாள்
இரண்டு விரல்கடை தள்ளிப் புதிய கோடு.

நான் சிப்காட்டில் வேலை பார்க்கிறேன்.
பூச்சிமருந்து கம்பெனி, பேக்கிங், இரண்டாம் ஷிஃப்ட்.
பதினான்கு வருஷமாய் பேரல் மூடி திருகுகிற கை இது.
"உங்க வீட்லயா சார்?" என்று சிரித்தான்
டிரில் மிஷினோடு வந்த தாமரைக்கண்ணன்.
நானும் சிரித்துவைத்தேன்.
என் சட்டை வாசனைக்கே
ஓடியிருக்க வேண்டும் அவை.

நிலையைத் தட்டித் தட்டிக் காது வைத்தான்.
இங்கே டொக். இங்கே டொக்.
இங்கே, பொத்.
சாக்பீஸால் ஒரு வட்டம்.
சுவரும் தரையும் சேரும் இடமெல்லாம்
அடிக்கொரு ஓட்டை, சாய்வாக, ஒரு சாண் ஆழம்.
குழாய் வைத்து மருந்தைச் செலுத்தினான்.
வீடு குடித்தது.
குடித்துக்கொண்டே இருந்தது.

பீரோவை நகர்த்தியபோது பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன்.
பாலித்தீன் பைக்குள்ளும் எப்படியோ நுழைந்திருந்தன.
மேற்கே தெரு. தெற்கே வாய்க்கால்.
வடக்கே ஜமால் மரைக்காயர் காலிமனை.
கிழக்கே
என்ற சொல்லுக்கு அப்புறம் ஒரு பொத்தல்.
அதன் வழியே என் உள்ளங்கை தெரிந்தது.
"செல்லரிச்ச பத்திரம் செல்லுமா?"
தில்லை வேடிக்கையாகக் கேட்கவில்லை.

கிழக்கே தெய்வசிகாமணி.
நடுவில் ஒரே சுவர், ஒன்பது இஞ்சு.
கெடிலம் பொங்கிய வருஷம்
மாடித் தண்ணீர் யார் பக்கம் விழுவது என்பதில் ஆரம்பித்தது.
ஒரு போலீஸ் புகார். மூன்று வருஷம்.
அவர் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வரவில்லை.
குழாய்ச் சத்தமும்
பேரன் வாய்ப்பாடு ஒப்பிக்கும் சத்தமும் மட்டுமே
சுவரைத் தாண்டி வருவதாக நினைத்திருந்தோம்.

கைகழுவிக்கொண்டே சொன்னான் தாமரைக்கண்ணன்:
"சுவரு பொதுச்சுவரு சார்.
இந்தப் பக்கம் வெரட்டினா அந்தப் பக்கம் போவும்.
அங்க சும்மா விட்டா ஆடிக்கு முன்னாடி திரும்பி வரும்.
ராணி எந்தப் பக்கம் குந்தியிருக்குதோ, யாரு கண்டா.
ரெண்டு வீட்டுக்கும் சேர்த்து அடிச்சா ரேட்டு கொறைச்சுக்கலாம்."
கியாரண்டிச் சீட்டில்
ஒரு கட்டத்தைக் காலியாக விட்டுப் போனான்.

இருபதடி நடக்கச் சாயங்காலம் ஆனது.
காலிங் பெல் இல்லை அவர் வீட்டில்.
முதல் வார்த்தையைத் தேடிக்கொண்டே
கதவுக்குப் பதிலாக நிலையைத் தட்டிவிட்டேன்.

பொத்.

உள்ளே டி.வி. சத்தம் குறைந்தது.
"யாரு?" என்றது அவர் குரல்,
சுவர் வழியாகக் கேட்டதைவிட
வயதாகி.