ஏழை எடுக்காதீர்கள்

நான் அடித்தது ஒரே வரி:
இன்ன பேக்கேஜை நிறுவு.
எண்டர் தட்டிவிட்டு டீ சொல்லப் போனேன்.

திரும்பி வந்தால்
பெட்டி அலறிக்கொண்டிருக்கிறது.
பன்னிரண்டு வருஷத்துப் பெட்டி,
முப்பத்திரண்டு பிட்.
இவன் அளவுக்கு இப்போது யாரும்
சட்டை தைத்து வைப்பதில்லை.
ரெடிமேடு இல்லை என்றதும்
என்னை ஒரு வார்த்தை கேட்காமல்
துணியாகவே இறக்கிக்கொண்டு
தானே தைக்க உட்கார்ந்துவிட்டான்.
சோர்ஸ் கோட், நாலாயிரத்துச் சொச்சம் ஃபைல்.
கம்பைல் ஆகிறது: மூன்று சதவீதம்.

சத்துவாச்சாரி, இரண்டாவது மாடி, மே மாதம்.
மலை வாங்கி வைத்த வெயிலை
ஜன்னல் வழியாகத் திருப்பித் தருகிறது.
மேசைமேல் பதினோரு பாட்டில் தண்ணீர்,
ஷப்பீர் பைக்கில் கட்டிக்கொண்டு வந்தது.
முதல் பாட்டிலில் மார்க்கரால்
'துரைக்கண்ணு, கத்தியவாடி, போர் 340 அடி.'
மஞ்சளா, இல்லை என் கண்ணா?
குரோமியம் எவ்வளவு என்று கருவிக்குத் தெரியும்.
கருவி பேசுவது பெட்டிக்குப் புரிய
இந்தப் பேக்கேஜ் வேண்டும்.

ஒன்பதில் நின்றது.
ஏதோ ஹெடர் ஃபைல் இல்லையாம்.
தேடிக் கொடுத்தேன்.
பதினாறில் இன்னொன்று.
கொடுத்தேன்.
பிறகு கோபம் தணிந்தவன்போல் ஓடினான்.
எச்சரிக்கை, எச்சரிக்கை என்று
திரை முழுக்க மஞ்சள் வரிகள்.
எச்சரித்துக்கொண்டே வேலையும் நடக்கிறது,
'மணல் அள்ளாதீர்' பலகைக்குப் பக்கத்திலேயே
பாலாற்றில் லாரி இறங்குகிற மாதிரி.

சும்மா இருக்க முடியாமல்
தற்காலிகக் கோப்புறையைத் திறந்தேன்.
முடிந்ததும் தானே அழிந்துபோகிற இடம்,
யாரும் எட்டிப் பார்க்காத தையல் அறை.
அதில் ஒரு ஃபைல்,
அதன் நடுவில்
வேலைக்கு ஆகாத நாலு வரி.
யாரோ எந்த நாட்டிலோ எழுதியது,
எனக்குள் தமிழாகத்தான் கேட்டது:

கருவி ஏன் ஏழு கூட்டிச் சொல்கிறது, தெரியவில்லை.
கழித்தால் சரியாக வருகிறது.
இரவு மூன்று மணி.
ஏழை எடுக்காதீர்கள்.

ஒரு நொடி
எண் என்று தோன்றவில்லை.
எவனோ ஒருவன், கிழிந்த பனியனோடு
கணக்கின் நடுவில் நிற்கிறான்.
எடுத்துவிட்டால் எல்லாம் தப்பிப்போகும்.

எழுபத்தொன்றில் கரண்ட் போனது.
ஃபேன் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது.
யூபிஎஸ் கூவ ஆரம்பித்தது,
அதற்கு இருபது நிமிஷம்தான் உயிர்.
அந்த நேரம் பார்த்து போன்.
"இன்னாம்மா, ரிசல்ட்டு வந்திச்சா?
மாடு மோந்து பாத்துட்டுப் போயிடுது."
கம்பைல் ஆகுதுங்க, என்றேன்.
"ஆவட்டும், ஆவட்டும்" என்றார் துரைக்கண்ணு.
என்ன ஆகிறது என்று கேட்கவில்லை.
எதுவோ ஆகிறதென்று யாராவது சொல்வதை
பல ஆபீஸ்களில் கேட்டுப் பழகிய குரல்.

தொண்ணூற்றெட்டு.
வெகுநேரம் தொண்ணூற்றெட்டு.
டீயில் ஆடை கட்டிவிட்டது.

நிறுவப்பட்டது, என்றது திரை.
கோப்புறை இருந்த இடத்தில் ஒன்றுமில்லை.
அந்த மூன்று மணி, அந்தத் தெரியவில்லை,
அந்தக் கெஞ்சல்
எதுவும் மெஷினுக்குள் போகவில்லை.
கம்பைலர் அதையெல்லாம் படிப்பதே இல்லை,
முதல் வேலையாக உதறிவிடுகிறது.
ஏழு மட்டும் இறங்கியிருக்கிறது,
மூன்று ஒன்றுகளாக
தோளோடு தோள் ஒட்டி.

கரண்ட் வந்தது.
முதல் பாட்டிலை வைத்தேன்.
கோடு எழுந்தது,
எழுந்துகொண்டே போனது.
எண்ணைப் படிவத்தில் ஏற்றினேன்.
கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம்,
அறிக்கை அச்சாகும்போது அது வராது,
அதனால் காலியாகவே விடுவது வழக்கம்.

இன்று எழுதினேன்:
மாடு குடிக்கவில்லை.