பின் டயர்

பன்னிரண்டாம் மாடி நடைவழியில்
சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறேன்.
பெட்டி நிறுக்கும் தராசில்
பதின்மூன்று கிலோ நானூறு.
பெடல் மாற்றி எண்பது கிராம் குறைத்த அன்று
இரண்டு முட்டை பிராட்டா தின்றேன்,
அது எந்தக் கணக்கிலும் இல்லை.

நாளை செஸ்ட்நட். பெண்கள் பிரிவு, ஏழரை மணி.

முன்பல் முப்பதா, முப்பத்திரண்டா?
ஒரு வாரம் கேட்டு நச்சரித்தேன்.
கடைக்கார பூன் கியாட்,
"என்னக் கேக்காத, உன் முட்டியக் கேளு லா."
முட்டி முப்பது என்றது.

பத்தரைக்கு மழை.
எதிர் புளோக் விளக்குகள் கரைகின்றன.
அங்கே இந்நேரம் களிமண் ஊறும்,
வேர்கள் எண்ணெய் பூசிக்கொள்ளும்.

சர்ரென்று உருளும் புது டயர்
விலைச்சீட்டோடு சுவரில் சாய்ந்திருக்க
பழையதன் முரட்டுக் குமிழ்களை
ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கிறேன்.
ஓரத்தில் இரண்டு கிழிசல். போகட்டும்.

இருபத்தாறு.
வால்வை அமுக்குகிறேன்.
இருபத்துநான்கு.
போன வருடம் இங்கேதான் பிடிவாதமாக நிறுத்தினேன்;
காறை எலும்பில் இன்னும் ஒரு மேடு.

ஸ்ஸ்...

பக்கத்து வீட்டுக் கதவு
சங்கிலியளவு திறக்கிறது.
"சுடரொளி, பாம்பா?"
"இல்லக்கா, காத்து."

அவர் உள்ளே போகட்டும் என்று காத்திருந்து
இன்னும் ஒருமுறை
அமுக்குகிறேன்.