நைவாஷா, பிப்ரவரி

காலை ஆறு மணிக்கு
கெமுன்டோவின் விரலை
வருகை இயந்திரம் மறுபடி மறுக்கிறது.
பூச்சிமருந்தில் தேய்ந்த ரேகை.
மேஸ்திரி பெயரைக் கையால் எழுதிக்கொள்கிறார்.

அவள் நறுக்கும் ரோஜாக்களுக்குக்
கோடுகோடாய் அடையாளம் உண்டு:
இன்றிரவு நைரோபி, விடிந்தால் ஆம்ஸ்டர்டாம்,
ஏலக் கடிகாரத்தின் முள்
ஒரு சுற்று முடிவதற்குள்
யாரோ ஒருவருடையவை.

தண்டுகள் குடித்த தண்ணீர்
விமானம் ஏறிப் போகிறது.
குடிக்காமல் விட்ட உரம்
நடந்தே ஏரிக்கு இறங்குகிறது.

அங்கே அவள் புருஷன் நியாகுண்டி
வலையை இழுக்கிறான். கனக்கிறது.
மீனா என்று கரையிலிருந்து கேட்கிறார்கள்.
பூ, என்கிறான்.

ஆகாயத்தாமரை. ஊதா.
வேர் சொட்டச் சொட்ட
ஒவ்வொன்றாய்ப் பிய்த்துத்
தண்ணீரிலேயே எறிகிறான்.
வேறெங்கே அனுப்ப?